பாண்டிக்கு வடக்கே என்ன இருக்கு?

போன வாரம் என் மகள் கைப்பேசியை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பையன், இடிந்த செங்கல் சுவர் ஒன்றின் மேல் நின்றுகொண்டு, "பிரெண்ட்ஸ், சென்னைக்கும் பாண்டிக்கும் நடுவுல யாருக்குமே தெரியாத ஒரு ஹிடன் ஜெம்!" என்று கத்திக்கொண்டிருந்தான். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது, ஆலம்பரைக் கோட்டை. நான் சிரித்த சிரிப்பில் மகள் பயந்து போனாள். யாருக்குமே தெரியாத அந்தச் சுவரின் மேல் இருபது வருடங்களுக்கு முன்னால் நானும் நின்றிருக்கிறேன். கையில் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு, உட்காரப் பிளாஸ்டிக் நாற்காலி கேட்கும் சுற்றுலாப் பயணிகளிடம், "ஹியர் ஓல்டு டைம் காயின் மேக்கிங் சார்" என்று சொல்லியிருக்கிறேன். அதுதான் அப்போது என் வேலை. சிரிக்காதீர்கள், உண்மையான வேலைதான்.

எங்கள் ஊர் மரக்காணத்துக்கு மேற்கே, உள்ளே தள்ளி இருக்கிறது. கொஞ்சம் நிலம், உப்பு சீசன் வந்தால் அப்பாவுக்கு உப்பளத்தில் கூலி வேலை, இவ்வளவுதான் எங்கள் வீடு. நான் பி.ஏ. வரலாறு படித்திருந்தேன். வரலாறு படித்தவளுக்கு என்ன வேலை கிடைக்கும் என்று நான் கல்லூரியில் சேரும்போது யாரும் கேட்கவில்லை. முடித்த பிறகு எல்லோரும் கேட்டார்கள். இரண்டாயிரத்து நாலில், பாண்டிச்சேரிக்குப் பஸ் ஏறிப் போய்க் கம்ப்யூட்டர் வகுப்பில் உட்கார்ந்துகொண்டு, அந்தக் கேள்விக்குப் பதில் தேடிக்கொண்டிருந்த நேரத்தில்தான் மும்தாஜ் என்னைப் பிடித்தாள்.

மும்தாஜ் என் கல்லூரித் தோழி. கோட்டக்குப்பத்துப் பெண். படிக்கும்போதே கல்யாணம் ஆகி, குழந்தையும் பிறந்து, அப்படியும் அரியர் இல்லாமல் பாஸ் செய்தவள். அவள் வீட்டுக்காரர் ஜாகிர் பாய் ஷார்ஜாவில் டிரைவர். பாலைவனத்தில் வெளிநாட்டுக்காரர்களை ஜீப்பில் ஏற்றி மணல் மேட்டில் ஏற்றி இறக்குகிற வேலை. அந்த வருடம் லீவில் வந்தவர், இனிமேல் போவதில்லை என்று சொல்லிவிட்டார். காரணம் அவர்களுடைய மகள் ஆயிஷா. அப்போது மூன்று வயது. வீட்டுக்குள் நுழைந்தவரைப் பார்த்து மிரண்டு போய் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டிருக்கிறாள். "பயப்படாதடி, அத்தா வந்திருக்காங்க பாரு" என்று மும்தாஜ் சொல்ல, குழந்தை ஹாலில் இருந்த டெலிபோனைக் காட்டி, "அத்தா அதுக்குள்ள இருக்காங்க" என்றதாம்.

"அதுக்கப்புறம் ரெண்டு நாள் அவரு சரியாவே சாப்பிடலடி" என்றாள் மும்தாஜ்.

போகாமல் இருப்பதென்றால் இங்கே ஏதாவது செய்ய வேண்டுமே. பழைய வேன் ஒன்றை வாங்கி, மேலே நீல நிறம் அடித்து, வடக்குக் கடற்கரைச் சுற்றுலா என்று பக்கவாட்டில் எழுதிவிட்டார். எழுதியவர் 'வடக்கு'க்குப் பின்னால் ஒரு 'க்' குறைவாகப் போட்டுவிட்டார். அது கடைசி வரைக்கும் அப்படியேதான் இருந்தது.

"பாண்டிக்கு வர்றவன்லாம் தெக்க போறான் தங்கச்சி. சிதம்பரம், பிச்சாவரம்னு. வடக்க என்ன இருக்குன்னு கேட்டா மெட்ராஸ் இருக்குதுன்றான்" என்று ஜாகிர் பாய் எனக்கு விளக்கினார். "அங்க வெறும் மணலு. அத மேல ஏறி கீழ எறங்கி காட்டினா கைதட்றாங்க. நம்ம கிட்ட உப்பு இருக்குது, கோட்டை இருக்குது, ஏரி இருக்குது, பறவை இருக்குது. காட்டினா பாக்க மாட்டாங்களா? நீ ஹிஸ்டரி படிச்சிருக்க. இங்கிலீஷ்ல ரெண்டு வார்த்த சொல்லு, போதும்."

ரெண்டு வார்த்தை என்றுதான் சொன்னார். என்னிடமும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருந்தது.

கோட்டக்குப்பத்தில் புறப்பட்டால் கூனிமேட்டில் டீ. அப்போது அங்கே ஒரு கடையில் மட்டன் சமோசா போடுவார்கள். சைவம் என்று சொல்லி ஏறியவர்களில் சிலர்கூட வாசனைக்கு மனம் மாறியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். அப்புறம் மரக்காணத்தில் பூமீஸ்வரர் கோயில். சோழர் காலத்துக் கல்வெட்டைக் காட்டி, இதில் உப்பளத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறது என்று எங்கள் பேராசிரியர் சொன்னதை நானே படித்தது மாதிரி சொல்வேன். எந்த வரி என்று யாராவது கேட்டால், மேலே, வெளிச்சம் படாத இடமாகப் பார்த்துக் கைகாட்டுவேன். அதற்கப்புறம் உப்பளம். சாலையின் இரண்டு பக்கமும் பாத்தி பாத்தியாகத் தண்ணீர், வரப்போரம் கூட்டி வைத்த உப்பு. கண் கூசும். "திஸ் இஸ் சால்ட் சார்" என்பேன். எதிர்ப் பக்கம் திரும்பி, "தட் ஆல்சோ சால்ட்." அதற்கு மேல் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவே தெரியாது. ஆனால் ஒருவர்கூட அந்த இடத்தில் என்னிடம் எதையும் கேட்டதில்லை. பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். கழுவெளி ஏரியில் பூநாரைகள் இறங்கியிருந்தால் அதிர்ஷ்டம். இல்லாத நாளில் கொக்கைக் காட்டி ஒப்பேற்றுவோம்.

ஆனால் எங்கள் சுற்றுலாவில் எல்லோருக்கும் மிகவும் பிடித்த இடம் இவற்றில் எதுவும் இல்லை. இன்றைக்கும் பினாயில் வாசனை வந்தால் எனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வராது, ரோசம்மாள் வீடுதான் ஞாபகம் வரும். ரோசம்மாள் அக்கா அப்பாவோடு உப்பளத்தில் வேலை செய்தவர். கடல் பக்கமாக, பனைமரங்களுக்கு நடுவில் தனி வீடு. வீட்டுக்குப் பின்னால் கதவும் தாழ்ப்பாளும் உள்ள ஒரு கக்கூஸ். அந்தக் காலத்தில் பாண்டியை விட்டால் வழியில் எங்கேயும் பெண்கள் ஒதுங்க இடம் கிடையாது. முதல் பயணத்தில் வந்த அம்மா ஒருவர் என் காதோடு கேட்க, நான் தவித்துப் போய் அங்கே கூட்டிப் போனேன். அன்றிலிருந்து அது எங்கள் நிரந்தர நிறுத்தம் ஆகிவிட்டது. வண்டிச் சத்தம் கேட்டாலே ரோசம்மாள் அக்கா பக்கெட்டில் தண்ணீரோடு வாசலுக்கு வந்துவிடுவார்.

"வாங்க வாங்க, முதல்ல போய்ட்டு வாங்க, அப்புறம் பேசிக்கலாம்" என்பார். போய்விட்டு வந்த முகங்களில் தெரிந்த நிம்மதியை நான் கோட்டையில் ஒருவர் முகத்திலும் பார்த்ததில்லை. பின்னால் அவரே மீன் குழம்பும் சோறும் போட ஆரம்பித்தார். நத்தார், அதாவது கிறிஸ்துமஸ் சமயத்தில் வந்தவர்களுக்கு முறுக்கும் கிடைத்தது.

அந்த நத்தாருக்கு மறுநாள்தான். ஞாயிற்றுக்கிழமை.

அன்று பயணம் எதுவும் இல்லை. நான் எங்கள் ஊரில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று யாரோ சைக்கிளில் வந்து சொன்னபோது, குடித்துவிட்டு உளறுகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஜாகிர் பாய் கோட்டக்குப்பத்தில் வேனைத் துடைத்துக்கொண்டிருந்திருக்கிறார். கடற்கரைப் பக்கமிருந்து ஜனங்கள் மேட்டுக்கு ஓடி வந்திருக்கிறார்கள். மரக்காணம் பக்கம் குப்பங்கள் போய்விட்டன என்று பேச்சு வந்திருக்கிறது. இவர் வேனை எடுத்துக்கொண்டு, எல்லோரும் ஓடி வருகிற திசைக்கு எதிராகப் போயிருக்கிறார்.

"வேணாங்க, இன்னொரு அலை வருதாம்னு கத்துறேன். செருப்பக்கூட போடல, போயிட்டாரு" என்று மும்தாஜ் பின்னால் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் கோபமாகத்தான் சொல்வாள்.

அன்றைக்கு முழுவதும் அவர் குப்பங்களுக்கும் பாண்டி ஆஸ்பத்திரிக்குமாகப் போய்ப் போய் வந்தார். யார் யாரை ஏற்றினார், யார் பிழைத்தார்கள் என்று அவர் எங்களிடம் சொன்னதில்லை. சீட்டு உறைகளை மட்டும் கழற்றி, வேறு உறை தைத்துப் போடச் சொன்னார். ரோசம்மாள் அக்கா மாதா கோயிலில் பூசைக்குப் போயிருந்ததால் தப்பித்தார். வீட்டின் பின்பக்கம் முழுக்க இடிந்து விழுந்துவிட்டது. கொஞ்ச நாள் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு இருந்தவரை, மகள் வந்து திண்டிவனத்துக்குக் கூட்டிப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் எங்கள் வேனில் ஏற யார் வருவார்கள்? கடல் என்றாலே பயந்தார்கள். உப்பளத்தில் சேறு ஏறிக் கிடந்தது. மும்தாஜின் அண்ணன் ஷார்ஜாவிலிருந்து, பழைய கம்பெனியிலேயே விசா தயார், மச்சானை வரச் சொல் என்று போன் செய்தார். ஜாகிர் பாய் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்துக்கொண்டே இருந்தார். ஆயிஷா அப்போதுதான் அவர் தோளில் ஏறி உட்காரப் பழகியிருந்தாள்.

பங்குனி வெயில் ஆரம்பித்திருந்தது. சென்னையிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். பாண்டிக்கு வருகிறோம், உங்கள் சுற்றுலாவைப் பற்றிக் கேள்விப்பட்டோம் என்றார். கொஞ்சம் தயங்கி, "சுனாமி அடிச்ச இடத்தையும் காட்டுவீங்களா?" என்று கேட்டார்.

"சாவு வூட்ட யாராவது டூர் காட்டுவாங்களா?" என்றாள் மும்தாஜ்.

ஜாகிர் பாய் ஆயிஷாவின் தலையைக் கோதிக்கொண்டே இருந்தார். "வண்டி நின்னே கெடக்குது. இதுவும் வேணாம்னா விசாவுக்கு சரின்னு சொல்லிட வேண்டியதுதான்" என்றார். மும்தாஜ் எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் அந்த அம்மாவின் நம்பரை எடுத்து அவரிடம் கொடுத்தேன். எனக்கும் அது ஒன்றுதான் வேலை.

வந்தவர்கள் நல்ல மனிதர்கள். அதைச் சொல்லிவிட வேண்டும். கணவன், மனைவி, பள்ளிக்கூடத்தில் படிக்கிற ஒரு பெண். அந்தம்மா அரிசியும் துணியும் சேர்த்து நிவாரணத்துக்கு அனுப்பியிருந்தாராம். போய்ச் சேர்ந்ததா, ஜனங்கள் எப்படி இருக்கிறார்கள் என்று பார்க்காமல் மனசு ஆறவில்லை என்றார். அந்தப் பெண்ணின் கழுத்தில் கேமரா தொங்கியது.

குப்பத்துக்குப் போகிற மண்பாதை முனையில் வேன் நின்றது. வீடு போனவர்களுக்கு வரிசையாகப் போட்டுக் கொடுத்த தார்ச் சீட்டுக் கொட்டகைகள். அந்த வெயிலில் உள்ளே எப்படி இருந்தார்களோ. நான் வழக்கம் போல வண்டிக்குள் திரும்பி நின்று, குரலைச் சரிசெய்துகொண்டேன். என்ன சொல்வது? உப்பு என்றால் உப்பு என்று சொல்லலாம். இதை என்னவென்று சொல்வது?

அப்போது தலையில் மீன் கூடையோடு ஒரு பெண் வேகமாக வந்தாள். முப்பது வயது இருக்கும். சாலைக்குப் போகிறவள், வேனைப் பார்த்து நின்றாள். குனிந்து டிரைவர் பக்கம் பார்த்தாள்.

"பாய்! நீதான பாய் அது?"

ஜாகிர் பாய் கீழே இறங்கினார். "எப்பிடிம்மா இருக்க கஸ்தூரி?" என்று கேட்டார். அவருக்கு அவள் பெயர்கூடத் தெரிந்திருந்தது. அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, வேனின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தாள். நடு சீட்டில் அந்தப் பள்ளிக்கூடப் பெண் உட்கார்ந்திருந்தாள்.

"இந்த சீட்டுதான்" என்றாள் கஸ்தூரி.

"என்னம்மா?" என்றார் சென்னை அம்மா.

"எங்க வூட்டுக்காரர இதுலதான் படுக்க வச்சு இட்டுக்கினு போனோம். நான் கீழ குந்திகினு தலைய புடிச்சிகினு இருந்தேன். கூனிமேடு தாண்றவரிக்கும் என் கைய உடல அவரு."

கேமராவோடு இருந்த பெண் சட்டென்று சீட்டிலிருந்து எழுந்துவிட்டாள். மேல் கூரை இடித்துத் தலை குனிந்தபடி நின்றாள்.

"நீ ஏன் கண்ணு எழுந்துக்கிற? குந்து, குந்து" என்றாள் கஸ்தூரி. "சீட்டு இன்னா பண்ணுச்சு."

அந்தம்மா கீழே இறங்கி வந்தார். கஸ்தூரியின் கையைப் பிடிக்கப் போய், பிடிக்கலாமா என்று தெரியாமல் நின்றார். கடைசியில், "நீங்க எங்க போகணும்?" என்று மட்டும் கேட்டார்.

"பாண்டி மார்க்கெட்டுக்கும்மா. காலைல இருந்து நிக்கிறேன். கூடைய பாத்தாலே பஸ்ஸ நிறுத்தாம போறான். நாறுதாம். ஐஸ் வேற கரையுது. அதான் ஒரு தபா வூட்டுக்குப் போய் ஐஸ் மாத்திகினு வர்றேன்."

"ஏறுங்க."

"கோட்டைக்குப் போகணுமே மேடம்" என்றேன் நான். இப்போது நினைத்தாலும் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போல இருக்கிறது. கோட்டையைக் காட்டாவிட்டால் சுற்றுலா முழுமை ஆகாது என்று அந்த நேரத்திலும் எனக்குக் கவலை.

"கோட்ட எங்கயும் ஓடிடாதும்மா" என்றார் அவர்.

வேன் பாண்டிக்குத் திரும்பியது. கூடை எங்கள் கால்களுக்கு நடுவில். கஸ்தூரி அந்த சீட்டில், பள்ளிக்கூடப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச தூரம் சீட்டின் விளிம்பைத் தடவிக்கொண்டே வந்தாள். அப்புறம் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"நீங்கல்லாம் இன்னா பாக்க வந்தீங்க?"

வண்டியில் இருந்த எல்லோரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தோம். அந்தம்மாதான் பதில் சொன்னார். "உங்களத்தான் பாக்க வந்தோம்மா."

கஸ்தூரி சிரித்துவிட்டாள். "என்னிய பாக்க இன்னா கீது? கருவாடு மாதிரி கீறேன்."

முதலில் அந்தப் பள்ளிக்கூடப் பெண் சிரித்தாள். அப்புறம் எல்லோரும். சிரித்துக்கொண்டே அந்தம்மா அழுதார். இந்த முறை கஸ்தூரிதான் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கேமரா கழுத்திலேயே தொங்கியது. மார்க்கெட்டு வரும் வரைக்கும் மீன் எப்படி வாங்குவது, செவுளை எப்படிப் பார்ப்பது என்று கஸ்தூரி அவர்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

இறக்கி விட்டுத் திரும்பும்போது ஜாகிர் பாய் என்னிடம், "போதும் தங்கச்சி. இனிமே இந்த வண்டில யாருக்கும் எதையும் காட்ட வேணாம்" என்றார். நான் தலையாட்டினேன். வேலை போனதே என்று தோன்றவில்லை. மார்பிலிருந்து ஏதோ இறங்கியது போலத்தான் இருந்தது.

இரண்டு நாள் கழித்து, வேனை விற்றுவிடுவது என்று முடிவு செய்தார். மரக்காணத்தில் ஒருவர் வாங்கத் தயாராக இருந்தார். விற்றுவிட்டு விசாவுக்குச் சரி சொல்வதாக ஏற்பாடு. விற்கப் போகிற அன்று காலையில் வண்டியைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு போனார். குப்பத்துப் பாதை முனையில், ஏழெட்டுப் பெண்கள் கூடைகளோடு நின்றுகொண்டிருந்தார்கள். நடுவில் கஸ்தூரி. பாய் வண்டி வரும் என்று அவள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். எதை நம்பிச் சொன்னாளோ. எல்லோரும் கையை நீட்டினார்கள். இவர் நிறுத்தினார். யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர்கள் பாட்டுக்குக் கதவைத் திறந்து கூடைகளை ஏற்றினார்கள்.

"இல்லம்மா, நான் வண்டிய விக்கப் போறேன்..."

"வித்துக்கோ பாய். எங்கள பாண்டில உட்டுட்டு அப்புறமா வித்துக்கோ" என்றாள் கஸ்தூரி.

மத்தியானம் அவர் மரக்காணம் போய்ச் சேர்ந்தபோது, வாங்க வந்தவர் கதவைத் திறந்தார், மூக்கைப் பிடித்துக்கொண்டு அதே வேகத்தில் மூடிவிட்டார். மீன் வாடை பிடித்த வண்டி கல்யாணப் பார்ட்டிக்கு ஓடாது, வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். ஜாகிர் பாய் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது வருத்தமாகத்தான் சொல்லப் பார்த்தார். முகம் ஒத்துழைக்கவில்லை.

"நல்லா பினாயில் ஊத்தி கழுவிட்டு மறுபடி போய் காட்டி இருக்கலாமேடி" என்று மும்தாஜ் என்னிடம் ரகசியமாகச் சொன்னாள். "நானும் சொல்லல, அவரும் கேக்கல."

மறுநாளும் பெண்கள் நின்றார்கள். அதற்கு மறுநாளும். அப்படித்தான் வடக்குக் கடற்கரைச் சுற்றுலா மீன் வண்டி ஆனது. எழுத்தை அழிக்கக்கூட அவருக்கு நேரமில்லை. சுற்றுலா வேனிலிருந்து மீன் கூடைகள் இறங்குவதைப் பாண்டிக்காரர்கள் வேடிக்கை பார்த்தார்கள். ஷார்ஜா விசா காலாவதியானது. நான் பாண்டியில் பி.எட். சேர்ந்து, இரண்டாயிரத்து ஆறில் படிப்பு முடியும் வரைக்கும் அந்த வண்டியில்தான் தினமும் போனேன். வகுப்பில் என் பக்கத்து இடம் எப்போதும் காலியாக இருக்கும். எனக்கு ரோஷம் வரவில்லை, காற்றோட்டமாக இருந்தது. சில காலைகளில் ஆயிஷாவும் முன் சீட்டில் வருவாள். கஸ்தூரி மடியில் உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு பஸ்ஸையும் முந்தும்போது, "அத்தா, இன்னும் வேகமா!" என்று கத்துவாள். வண்டி முழுக்கப் பெண்கள் சேர்ந்து கத்துவார்கள்.

பிறகு எனக்கு வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, சென்னைக்கு வந்துவிட்டேன். குப்பத்துப் பெண்கள் சேர்ந்து லோடு ஆட்டோ வாங்கியதும் ஜாகிர் பாய் ஓய்வு எடுத்துக்கொண்டார். அவருக்கு இப்போது சர்க்கரை, கண் பார்வை மங்கல். வேன் எப்போதோ எடைக்குப் போய்விட்டது.

போன வருடம் மகளோடு அந்தப் பக்கம் போனேன். தார்ச் சீட்டுக் கொட்டகைகள் இருந்த இடத்தில் ஒரே மாதிரி கான்கிரீட் வீடுகள். நல்லதுதான். கஸ்தூரி வீட்டில் மதியம் சாப்பிட்டோம். அவளுக்குப் பேரன் பிறந்திருக்கிறான். சாலையை அகலப்படுத்தியதில் நிழல் மரங்கள் இல்லை. கூனிமேட்டில் நான் தேடிய சமோசாக் கடையும் இல்லை. உப்பளம் இருக்கிறது, ஆனால் கார்கள் போகிற வேகத்தில் நின்று பார்க்க இடம் இல்லை. ரோசம்மாள் அக்கா காலமாகிவிட்டார் என்று கஸ்தூரிதான் சொன்னாள்.

அவர் வீடு இருந்த பக்கமாக நடந்து போனோம். முன்பெல்லாம் சாலையிலிருந்து பனைமரங்களுக்கு இடையே கடல் தெரியும். வண்டியை எந்த இடத்தில் நிறுத்தினாலும் அங்கிருந்து கடலுக்கு ஒற்றையடிப் பாதை ஒன்று இருக்கும். இப்போது நீளமாக மதில் எழுந்திருக்கிறது. பெரிய இரும்புக் கேட், உள்ளே புல்வெளி, சின்னச் சின்னக் குடில்கள். கேட்டருகில் சீருடை போட்ட வாட்ச்மேன் எழுந்து நின்று, மரியாதையாகத்தான் கேட்டான்.

"ரூம் புக் பண்ணிருக்கீங்களாம்மா?"

"இல்லப்பா. கடல பாத்துட்டு போலாம்னு வந்தோம்."

"புக் பண்ணவங்களுக்கு மட்டும்தாம்மா கடலு" என்றான்.